பால் திரிந்த வீடு

எங்கள் வீட்டில் பால் திரிந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பாலின் மேல்தான் பழி போட்டார்கள். நான் அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால், எனக்கே உள்ளுக்குள் ஏதோ பயம் இருக்கிறது என்று ஆகிவிடும். எனக்குப் பயம் இல்லை. இருந்தது ஒரே ஒரு நாள்தான், அதையும் சொல்வேன்.

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் படகில் போன காலம் போய், ஜலசந்தியில் கல்லைக் கொட்டிப் பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. நான் ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் ஆண்கள்தான் கப்பலேறுவார்கள். பெண்கள் ஊரில் இருந்துகொண்டு அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள். என்னை மட்டும் என் கணவர் கூட அழைத்துக்கொண்டது பாசத்தால்தான் என்று என் உம்மா தெருவெல்லாம் சொல்லிப் பூரித்தாள். இங்கே வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. கடையில் சமைத்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போயிருந்தான்.

கடை என் கணவருடைய அண்ணனுடையது. மளிகைக் கடை. என் கணவருக்கு அவர் காக்கா. எனக்குப் பெரிய மச்சான். கணவரின் அண்ணனோடு ஒரு பெண் நேருக்கு நேர் நின்று பேசுவது எங்கள் குடும்பங்களில் வழக்கம் இல்லை. அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று, என் கணவரிடம் சொல்வதுபோல் சத்தமாகச் சொல்வேன். அவரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு தம்பியிடம் பதில் சொல்வார். மூன்றடி தூரத்தில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவே என் கணவர் தூதுவர். அதில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை, இருந்தாலும் களைத்துப்போவார்.

கடைக்கு மேலே மாடியில் ஒன்பது ஆண்களும் நானும் இருந்தோம். என் கணவர், பெரிய மச்சான், கடையில் வேலை செய்த எங்கள் ஊர்க்காரர்கள் ஏழு பேர். மூலையில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டி, அதுதான் உன் வீடு என்றார்கள். அந்தத் திரைக்குள் நான் உட்கார்ந்தால் கால் வெளியே நீட்டும். நின்றால் தலை வெளியே தெரியும். ஒன்பது பேருக்குச் சோறு வடித்து, ஒன்பது பேரின் இருமலையும் குறட்டையையும் கேட்டுக்கொண்டு அதற்குள் இரண்டு வருடம் கிடந்தேன். தொழுகை விரிப்பை விரிக்கக்கூட இடம் பார்த்து, நேரம் பார்த்துத்தான் விரிக்க வேண்டும்.

எனக்கு ஒரு வீடு வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் நல்லவர். நல்லவர் என்பதே பல நாள் எனக்கு எரிச்சல். "பாக்கலாம் புள்ள" என்பார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். என் அம்மி நகர இரண்டு வருடம் ஆனது. ஸ்கூடாய் போகும் சாலையில், கம்பம் என்று அவர்கள் சொல்லும் ஒரு மலாய்க்காரர் கிராமத்தின் ஓரத்தில், மரக்கால்களின் மேல் நின்ற ஒரு பலகை வீட்டை அவர் பிடித்தார். அத்தாப்பு ஓலைக் கூரை. ஏறி இறங்க ஐந்து படி. உள்ளே கால் நீட்டிப் படுக்கலாம். கை நீட்டித் தொழலாம்.

பெரிய மச்சானுக்குப் பிடிக்கவில்லை. "அவ போயிட்டா இங்க யாரு ஆக்குறது?" என்று கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். அதனால், "காட்டு ஓரம், ஜின்னு சைத்தான் நடமாடுற இடம்" என்று தம்பியிடம் சொன்னார். தம்பி முதல் தடவையாகத் தலையாட்டவில்லை. சரி, போங்கள், ஆனால் முறையாகப் பால் காய்ச்சி, பாத்திஹா ஓதித்தான் குடிபோக வேண்டும் என்றார் அவர். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. என் வீட்டுக்குப் பரக்கத், அல்லாஹ்வின் அருள், வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவள் நான்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து எல்லோரும் வந்தார்கள். எங்கள் வழக்கப்படி முதலில் குர்ஆனை உள்ளே கொண்டுபோனோம். பிறகு உப்பு, அரிசி, ஒரு குடம் தண்ணீர். அதன் பிறகு பால் காய்ச்ச வேண்டும். முதல் பாலைப் புது மண்பானையில்தான் காய்ச்ச வேண்டும் என்பது எங்கள் ஊர் ஒழுங்கு. அதற்காக வாங்கிய பானை, மாட்டு வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது சாக்குக்குள்ளேயே மூன்று துண்டாகியிருந்தது. என்னிடம் நல்ல ஈயம் பூசிய பாத்திரம் இருந்தது. அதில் காய்ச்சியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் புதிது கிடைக்காவிட்டாலும் மண்பானை என்றால் மண்பானை. அவ்வளவு சரியாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

பக்கத்து வீட்டில் என் வயதுள்ள மலாய்க்காரி ஒருத்தி இருந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, கையால் பானை மாதிரிக் காட்டி, தரையைத் தட்டி மண் என்று சொன்னேன். அவள் உடனே புரிந்துகொண்டு, அவர்கள் பெலாங்கா என்று சொல்லும் அகலமான மண்சட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். நன்றாகப் பழகிய சட்டி; உள்ளே கறுப்பாகப் பளபளத்தது. இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி அலசினேன். அவள் வீட்டுச் சட்டி சுத்தமாகவே இருந்தது. அடுப்பில் ஏற்றினேன்.

கூடத்தில் பள்ளிவாசல் லெப்பை ஓதிக்கொண்டிருந்தார். பெரிய மச்சானும் கடை ஆட்களும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓதி முடிக்கும் நேரத்தில் பால் பொங்கினால் நல்லது என்பார்கள். அதற்கேற்ப நெருப்பைத் தணித்தும் தூண்டியும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆமீன் சொல்லும் நேரம் பால் பொங்கவில்லை. ஓரத்தில் லேசாக நீர் பிரிந்தது. பிறகு கட்டி கட்டியாக நின்றது. நான் கரண்டியை விட்டுக் கலக்கினேன். கலக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

"ஆச்சா?" என்று என் கணவர் எட்டிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பெரிய மச்சானும் எழுந்து வந்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் சட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, வண்டி இன்னும் வாசல்லதான் நிக்கிது. சாமான இறக்காத. இது பரக்கத் இல்லாத வீடு."

லெப்பை கெட்டிக்காரர். "நாம துஆ ஓதியாச்சு, இனி அல்லாஹ் பாத்துக்குவான்" என்று சொல்லிவிட்டு, தோள் துண்டை எடுத்து உதறிக்கொண்டு படி இறங்கிவிட்டார். ஓதி முடித்ததும் பங்கு வைக்கும் நார்சாவுக்கென்று நான் பொட்டலம் கட்டி வைத்திருந்த சீனிப் பூந்தியைக் கடை ஆட்கள் ஒருவரும் தொடவில்லை. அதற்கு முந்தின வாரம் வரைக்கும் நான் கருக்கிய சோற்றைக்கூட வழித்துத் தின்றவர்கள் அவர்கள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "ஏங்க, உங்க காக்காகிட்ட சொல்லுங்க. பால்தான் திரிஞ்சிச்சு, குர்ஆன் திரியல. நான் வரமாட்டேன்."

பெரிய மச்சான் உத்தரத்தைப் பார்த்தார். அந்த வீட்டில் உத்தரம் தாழ்வு. கழுத்தை அதிகம் தூக்க வேண்டியிருக்கவில்லை. "அனுபவிச்சுத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார். வண்டி வெறுமையாகப் போனது. அன்று மாலை அந்தத் திரிந்த பாலில் பனங்கருப்பட்டியைப் போட்டுக் கிளறி, நானும் என் கணவரும் தின்றோம். அவர் பயந்து பயந்து தின்றார். நான் சட்டியைச் சுரண்டித் தின்றேன். அப்போதுதான் நாக்கில் தட்டுப்பட்டது. புளி. புளிக்குப் பின்னால் மீன்.

மறுநாள் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்த மலாய்க்காரியிடம் கையாலும் முகத்தாலும் கேட்டேன். ஐயோ அக்கா என்று அவள் மொழியில் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அலாமாக், காக். அசாம் பெடாஸ்." புளியும் மிளகாயும் ஊற்றி அவர்கள் வைக்கும் மீன்குழம்பு. அதற்கென்றே வைத்திருந்த சட்டி அது. கல்யாணமான நாள் முதல் அதில் வேறு எதையும் அவள் சமைத்ததில்லை. மண்சட்டி குடித்த புளியை யார் அலசி எடுக்க முடியும்? பால் அதில் திரியாமல் இருந்திருந்தால்தான் அதிசயம். எங்கள் ஊரில் பாலுக்கு ஒரு பானை, மீனுக்கு ஒரு சட்டி என்று கண்டிப்பாக இருப்போம். அடுத்த வீட்டுக்காரி என்ன சமைப்பாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை; நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பாக வந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவாக அப்போது மூன்றே சொல்தான் இருந்தது. நசிப், பெர்க்காட், ரெசெக்கி. நாங்கள் நஸீபு என்கிறோம், பரக்கத் என்கிறோம், ரிஸ்கு என்கிறோம். விதியும் அருளும் உணவும். இந்த மூன்றை வைத்துக்கொண்டே பல நாள் ஓட்டினோம்.

நான் இந்தச் செய்தியைக் கணவரிடம் சொல்லி அனுப்பினேன். பெரிய மச்சானுக்கும் உண்மை தெரிந்தால் மனம் ஆறும் என்று நம்பினேன். மாலையில் என் கணவர் பதிலோடு வந்தார்.

"காக்கா சொல்றாங்க, அந்தச் சட்டிய உன் கையில குடுத்தது யாருன்னு. வண்டி பள்ளத்துல இறங்குனதும் தக்தீர்தானாம், உன் பானை உடைஞ்சதும் தக்தீர்தானாம். அல்லாஹ் நாடாம ஒரு இலை அசையாதுல்ல. அப்ப இது எச்சரிக்கைதானேன்னு கேக்குறாங்க."

தக்தீர் என்றால் இறைவன் எழுதி வைத்தது. அதை நானும் நம்புகிறேன். எழுதாமல் ஒன்றும் நடக்காது என்று என் உம்மாவின் மடியிலேயே கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நம்பிக்கையையே எடுத்து ஒருவர் என் தலையில் போட்டால் என்ன சொல்வது? ஏதோ தப்பு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. அன்றைக்கு அவர் ஜெயித்தார்.

ஆனால் நான் வீட்டை விடவில்லை. அந்த வீட்டுக்குப் பரக்கத்தைக் கேட்டு வாங்குவேன் என்று உட்கார்ந்தேன். வெளியே போய் வந்தால், உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் ஸலாம் சொல்லித்தான் படி ஏறுவேன். அரிசி அளக்கும்போது பிஸ்மி சொல்வேன். அரிசிப் பானையைத் துடைத்துக் காலி செய்யமாட்டேன். ஒரு பிடியாவது கிடக்கும். ஆக்கியதில் முதல் கிண்ணம் வேலி தாண்டிப் போகும். அங்கிருந்து வேறு கிண்ணம் வரும். குர்ஆனிலேயே நீளமான சூரத்துல் பகராவை எனக்கு வேகமாக ஓத வராது. எழுத்துக் கூட்டி, தினம் கொஞ்சமாக, ஒரு மாதம் எடுத்து முடித்தேன். முடித்த அன்று கூரை ஒழுகியது.

கூரை ஒழுகியதற்குப் பால்தான் காரணம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் கோழியை மலைப்பாம்பு விழுங்கியதற்கும் பால். என் கணவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோதும் பால். அந்த வருடம் கம்பத்தில் பாதிப் பேருக்குக் குளிர்காய்ச்சல். அவர்கள் எல்லோரும் எந்தப் பாலைத் திரித்தார்கள் என்று கேட்டேன். எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆணாக இல்லாமல் போனதற்கும் ஒருவர் பாலை இழுத்தார் என்று கேள்விப்பட்டு, சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அவள் எப்படி இருந்தாள் என்று சொல்ல முயன்றால் எல்லாக் குழந்தைகளையும் போல இருந்தாள் என்றுதான் வரும். இடது காதில் ஒரு மச்சம். மழைச் சத்தம் கேட்டால் அழுகையை நிறுத்திவிடுவாள். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் வைத்துக்கொண்டு மலாயில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி வாயைத் திறந்து சிரிப்பாள். ஒன்பது மாதம் அப்படி எங்களோடு இருந்தாள்.

காய்ச்சல் ஒரு திங்கட்கிழமை வந்தது. மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸரை அழைத்துவந்தோம். கொயினாவைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன். லெப்பை யாசீன் ஓதி ஊதிய தண்ணீரைக் கொடுத்தார்; அதையும் கொடுத்தேன். மருந்தும் அல்லாஹ் படைத்தது, ஓதலும் அவன் கொடுத்தது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு அவன் மேல் பாரம் போட எனக்குத் தெரியாது. புதன்கிழமை பிற்பகல் அவள் உடம்பு அடுப்புக்கல் மாதிரிச் சுட்டது. நான் அவளை மடியில் போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் நினைத்தேன். பொய் சொல்லமாட்டேன். அந்த அடுப்பைப் பார்த்தேன், அதில் பால் கட்டி கட்டியாக நின்றதை நினைத்தேன். போயிருக்கலாமோ, அந்த வண்டியிலேயே திரும்பிப் போயிருக்கலாமோ, என் பிடிவாதத்துக்கு என் பிள்ளையைக் கொடுக்கப் போகிறேனோ என்று நினைத்தேன். அன்று முழுவதும் பயந்தேன். ஒரு சட்டிப் பாலுக்கு முன்னால் அந்த அளவுக்குக் குனிந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

வியாழக்கிழமை, பொழுது புலர்ந்து வெயில் படியில் விழும் நேரத்தில் அவள் போய்விட்டாள். பக்கத்து வீட்டுக்காரியும் நானும் குளிப்பாட்டினோம். பெரிய மச்சான் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்தார். சின்னப் பிள்ளைக்குச் சந்தூக்குப் பெட்டி எதற்கு என்று, வெள்ளைத் துணியில் சுற்றியவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவரே அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் நடந்தார். அவர் அப்படி ஓடிவந்தது வெறும் முறைக்காக அல்ல என்று அன்றே தெரிந்தது. வேறு யாரிடமும் கைமாற்றவில்லையாம்.

மூன்றாம் நாள் பாத்திஹா முடிந்து எல்லோரும் போன பிறகு, வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. பெரிய மச்சான் வண்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு குரல் கொடுத்தார்.

"தம்பி, சாமான எடுத்து வை. இனிமே இங்க என்ன இருக்கு?"

என் கணவர் எடுத்து வைக்கத் தொடங்கினார். பாயைச் சுருட்டினார். விளக்கைத் துணியில் சுற்றினார். குர்ஆனை இறக்கி என் பக்கத்தில் வைத்தார். நான் அசையாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிக்குத்தான் போகப்போகிறோமா, அந்தத் திரைக்குள்தான் இனி இருக்கப்போகிறோமா என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு அவர் உத்தரத்தில் கட்டியிருந்த தூளியிடம் போய், சேலை முடிச்சில் கையை வைத்தார்.

"அதத் தொடாதீங்க" என்றேன்.

"புள்ள..."

"தொடாதீங்க."

வெளியே இருந்து பெரிய மச்சான் கேட்டார். "இன்னும் எத்தன மௌத்து பாக்கணும் இந்த வீட்டுல? அவ பிடிவாதத்துக்கு ஒரு பிள்ளை போயிடுச்சு. போதாதா?"

அதுவரை அந்தச் சொல்லை யாரும் வெளியே சொல்லியிருக்கவில்லை. எல்லோர் கண்ணிலும் இருந்தது; வாயில் வந்தது அப்போதுதான். நான் எழுந்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தேன். மூன்று படி இறங்கி, அவர் முகத்துக்கு நேராக நின்றேன். அவர் பழக்கத்தில் மேலே பார்த்தார். மேலே உத்தரம் இல்லை, வானம்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"மச்சான்" என்றேன். என் வாழ்நாளில் அவரை அவர் முகத்துக்கு நேரே அழைத்தது அதுதான் முதல் தடவை. "ஊர்ல நீங்க வீடு கட்டிக் குடிபோன அன்னைக்கு நானும் அங்கதான் நின்னேன். எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும். பால் மூணு பக்கமும் பொங்கி வழிஞ்சிச்சு. எல்லாரும் மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ்ன்னாங்க. எங்களுக்கெல்லாம் கை நிறைய நார்சா குடுத்தாங்க. அந்த மாதிரி பொங்குன பால நான் அப்புறம் பாத்ததே இல்ல."

என் கணவர் பின்னாலிருந்து, "வேணாம், விடு" என்றார். நான் விடவில்லை.

பெரிய மச்சானுக்கு ஒரு மனைவியும் ஒரு மகனும் இருந்தார்கள். அந்தப் புது வீட்டில் குடியேறி இரண்டாம் வருடம், ஊரில் வாந்திபேதி வந்தபோது, ஒரே வாரத்தில் இரண்டு பேரும் போனார்கள். அதன் பிறகுதான் அவர் கப்பலேறினார். மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. குடும்பத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை. என் கணவர்கூட என்னிடம் பேசியதில்லை. அது பேசக்கூடாத விஷயம். எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

"பொங்குன வீட்டுலயும் மௌத்து வந்திச்சு. திரிஞ்ச வீட்டுலயும் வந்திச்சு. எம்பிள்ளைய அல்லாஹ் குடுத்தான், அவனே எடுத்துக்கிட்டான். எழுதினவன் அவன், நான் மறுக்கல. ஆனா அவன் எழுதினத இதுக்காக, அதுக்காகன்னு வாசிச்சுச் சொல்ற வேலைய உங்களுக்கு யாரு குடுத்தா மச்சான்? எம்பிள்ளை என்னால போச்சுன்னு எந்த எழுத்துல இருக்கு? காட்டுங்க. நான் வண்டியில ஏறுறேன்."

ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்குக் கிடைக்காத பதில் அது. யோசித்து வந்ததல்ல. அவர் என் பிள்ளையைத் தொட்டதும் தானாக வந்தது.

அவர் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார், அல்லது தம்பியைப் பார்த்து உன் பெண்டாட்டியை அடக்கு என்பார் என்று காத்திருந்தேன். எதற்கும் தயாராக இருந்தேன். அவர் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர், என் கால் பக்கத்தில் அப்படி உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் முறையாத்தான் செஞ்சோம்" என்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்; ஆனால் என்னிடம்தான் சொன்னார். "மார்க்கத்துக்கு மாறா நாள் பாக்கல, சகுனம் பாக்கல. மௌலூது ஓதினோம், ஏழைக்குச் சோறு போட்டோம். பால் பொங்கிச்சு. ஒண்ணுலயும் குறை வைக்கலையே. அப்புறம் ஏன் போனாங்க? என்ன பிழைன்னு இன்னைக்கு வரைக்கும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். உன் வீட்டுல பால் திரிஞ்சதும், சரி, இங்கயாவது முன்னாடியே தெரிஞ்சிருச்சே, தம்பிய காப்பாத்திடலாம்ன்னு நினைச்சேன்."

அவரை வாதத்தில் வென்றுவிட்டேன் என்று தெரிந்தது. அதில் ஒரு சுகமும் இல்லை. ஏன் போனார்கள் என்று எனக்கு மட்டும் யார் சொன்னது? "தெரியாது மச்சான்" என்றேன். "எனக்கும் தெரியாது."

அவர் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "நீ பேசுனது மரியாதை இல்லாத பேச்சு" என்றார்.

"ஆமா மச்சான்."

"வண்டிய திருப்புறேன்."

"திருப்புங்க."

மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் நானும். பிறகு பல வருடம் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார், போனார். நான் ஆக்கியதைச் சாப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நிற்பதை விட்டுவிட்டேன், அவரும் உத்தரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அது ஒரு பெண்ணுக்கு அழகில்லை என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும்.

அன்றைக்கு வண்டிச் சத்தம் சாலையில் மறைகிற வரைக்கும் படியிலேயே நின்றேன். உள்ளே வந்தபோது என் கணவர் சுருட்டிய பாயை மறுபடி விரித்துக்கொண்டிருந்தார். விளக்கை எடுத்த இடத்தில் வைத்தார். குர்ஆனை அதன் இடத்தில் ஏற்றிவிட்டு, "பயமா இல்லையா புள்ள?" என்றார்.

"புதன்கிழமையோட முடிஞ்சிருச்சு" என்றேன்.

பிறகு நானே தூளியிடம் போனேன். அவர் உதவ வந்தார், வேண்டாம் என்றேன். முடிச்சு இறுகியிருந்தது; ஒன்பது மாதப் பாரம் இறுக்கிய முடிச்சு. பல்லால் கடித்து இளக்கினேன். அவள் வாசம் இன்னும் அதில் இருந்தது. அப்போதுதான் அழுதேன், மூன்று நாளில் முதல் தடவையாக, சத்தம் போட்டு, பக்கத்து வீடு கேட்கும்படி. அழுதுகொண்டே அந்தச் சேலையை வெளியே கொண்டுபோய்த் துவைத்தேன். வேலியில் வெயில் படக் காயப்போட்டேன். காய்ந்ததும் நாலாக மடித்து, பெட்டியில், என் நல்ல துணிகளுக்கு மேலே, சட்டென்று கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். இன்னொரு பிள்ளையை அல்லாஹ் எழுதியிருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தூளி தயாராக இருந்தது.